டர்போ போகலை, காத்துதான் போகுது: த்ராட்டில் பாடி லீக்கைப் பிடிப்பது எப்படி?

(எபிசோடின் சுருக்கித் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

போன வருஷம் ஒரு செகண்ட் ஹேண்ட் டர்போ பெட்ரோல் கார் வாங்கினேன். மூணே மாசத்துல பிரச்சினை. சிக்னல்ல நிக்கும்போது ஆர்பிஎம் முள் மேலயும் கீழயும் ஊஞ்சல் ஆடும். ஃப்ளைஓவர் ஏறும்போது எவ்வளவு மிதிச்சாலும் வண்டிக்கு இழுவை இருக்காது, பானட்டுக்குள்ள இருந்து 'உஸ்ஸ்'னு ஒரு சத்தம் வேற. முதல்ல காட்டின இடத்துல, "டர்போ போச்சு சார், மாத்தணும்"னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்ன தொகை என்னோட ரெண்டு மாசச் சம்பளம். கடைசியில மாத்தினது என்னன்னு கேட்டா சிரிப்பீங்க: சில நூறு ரூபாய் கேஸ்கெட்.

அந்தக் காசை நீங்களும் தண்டமா கட்டிடக் கூடாதுன்னுதான் இந்த எபிசோட்.

காத்து எந்த வழியா போகுது?

ஏர் ஃபில்டர் வழியா உள்ளே வரும் காற்றை டர்போ அழுத்தி அனுப்புகிறது. அழுத்தும்போது சூடாகிற காற்று இன்டர்கூலரில் குளிர்ந்து, ஒரு ஹோஸ் வழியாக த்ராட்டில் பாடிக்கு வருகிறது. அங்கே இருக்கிற பட்டர்ஃபிளை தகடுதான் வாசல் கதவு. அதைத் தாண்டினால் இன்டேக் மேனிஃபோல்டு, அப்புறம் இன்ஜின்.

இப்போ முக்கியமான விஷயம். ஐடிலில் கதவு கிட்டத்தட்ட மூடியிருக்கும். இன்ஜின் உறிஞ்சுவதால் கதவுக்குப் பின்னால், அதாவது மேனிஃபோல்டில், வெளிக் காற்றைவிட அழுத்தம் ரொம்பக் குறைவு. அங்கே ஓட்டை இருந்தால் வெளிக் காற்று உள்ளே புகும். ஆக்ஸிலரேட்டரை நல்லா மிதிச்சு டர்போ பூஸ்ட் ஏறும்போது கதை தலைகீழ்: அதே ஓட்டை வழியா காற்று வெளியே பீய்ச்சும்.

எப்போ தொந்தரவு பண்ணுதுன்னு பாருங்க

லீக் எங்கே இருக்குன்னு இதை வெச்சே ஓரளவு சொல்லிடலாம்.

ஐடில் நல்லா இருக்கு, மிதிக்கும்போது மட்டும் இழுவை இல்லை, 'உஸ்ஸ்' சத்தம் வருதுன்னா, கதவுக்கு முன்னாடி இருக்கும் ஹோஸ், கிளாம்ப் மேல சந்தேகப்படுங்க. ஐடிலும் ஆடுது, இழுவையும் இல்லைன்னா, கதவுக்குப் பின்னாடி இருக்கும் கேஸ்கெட், மேனிஃபோல்டு, சின்ன வேக்கம் குழாய்களைப் பாருங்க. என் கார் ரெண்டாவது ரகம்.

ஓபிடி ஸ்கேனர் இருந்தால் இன்னும் சுலபம். பி0299 என்றால் பூஸ்ட் போதவில்லை. பி0171 என்றால் பெட்ரோலுக்கு மிஞ்சிய காற்று இருக்கிறது. இந்தக் கோடுகள் எந்தப் பார்ட்டை மாத்தணும்னு சொல்லாது, எங்கே தேடணும்னுதான் சொல்லும். பி0299 வந்தாலே டர்போ காலின்னு அர்த்தம் இல்லை.

உறுதி செய்ய ஸ்மோக் டெஸ்ட் கேளுங்க. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு பைப்புக்குள்ள புகை விடுவாங்க. புகை எங்கே எட்டிப் பார்க்குதோ அங்கேதான் ஓட்டை. கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை ஓடுற இன்ஜின் மேல அடிச்சுத் தேடுற பழக்கம் வேண்டாம். சூடான இடத்துல பட்டால் தீப்பிடிக்கும்.

சரி பண்றது எப்படி?

வாரன்டி இருந்தால் நீங்களா கழட்டாதீங்க, சர்வீஸ் சென்டருக்குப் போங்க. இல்லைன்னா, இன்ஜின் ஆறின பிறகு, பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு ஆரம்பிங்க.

ஹோஸைக் கழட்டி, வெடிப்பு இருக்கான்னு வளைச்சுப் பாருங்க. உள்ளே லேசா ஆயில் படிஞ்சிருப்பது சகஜம், பயப்பட வேண்டாம். ஆனா அந்த வழுவழுப்புல பூஸ்ட் ஏறும்போது ஹோஸ் நழுவும். அதனால ரெண்டு முனையையும் சுத்தமா துடைச்சு, குழாயின் விளிம்பு மேட்டைத் தாண்டி உள்பக்கமா கிளாம்பை இறுக்குங்க.

கேஸ்கெட்னா, த்ராட்டில் பாடியின் போல்ட்டுகளைக் கழட்டணும். பட்டர்ஃபிளையை விரலால் தள்ளாதீங்க, எலக்ட்ரானிக் த்ராட்டில்ல உள்ளே இருக்கிற கியர் கெட்டுப் போகலாம். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீங்க. அதுக்குப் பதிலா சிலிகான் பேஸ்ட்டும் பூசாதீங்க, பிய்ஞ்சு வந்தால் இன்ஜினுக்குள்ளதான் போகும். போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமா, கொஞ்சம் கொஞ்சமா, மேனுவலில் போட்டிருக்கிற டார்க் அளவுக்கு இறுக்குங்க. இப்போ நிறைய கார்களில் மேனிஃபோல்டு பிளாஸ்டிக்தான். பலத்தைக் காட்டினால் மரையே போயிடும்.

மாட்டின பிறகு ஐடில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். த்ராட்டில் ரீலேர்ன் பண்ணணும். சில கார்களுக்கு ஸ்கேனர் தேவைப்படும்.

தள்ளிப் போடலாமா?

வேண்டாம். காற்று வெளியே போகப் போக, கேட்ட பூஸ்டைக் கொடுக்க டர்போ வழக்கத்தைவிட வேகமா சுத்தும். அப்படியே மாசக்கணக்கா ஓட்டினால், இன்னைக்கு கேஸ்கெட்டோட முடியுற வேலை நாளைக்கு நிஜமாவே டர்போ வரைக்கும் போகலாம்.

அதனால, அடுத்த தடவை "டர்போ போச்சு"ன்னு யாராவது சொன்னா, பர்ஸை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணா, ஸ்மோக் டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா?"

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!