உங்களுக்குத் தெரியுமா? போன தட்டை நினைத்தால் வரும் தட்டும் போச்சு!

ஒலிம்பிக் ‘டிராப்’ சுடுதலில் வீரர் குரல் கொடுத்ததும் ஒலிவாங்கி அதைப் பிடித்து, 15 மீற்றர் முன்னாலுள்ள பள்ளத்திலிருந்து உள்ளங்கை அகலத் தட்டொன்றை வீசவைக்கும். இடமா, வலமா, நேரா? முன்கூட்டித் தெரியாது. பெரும்பாலும் ஒரு செக்கனுக்குள் அதன்மீது முதல் வேட்டு விழவேண்டும். தகுதிச் சுற்றில் இப்படி 125 தட்டுகள்.

கை வேகத்தைவிட மனம்தான் இங்கே பெரிய சோதனை. மற்றவர்கள் சுட்டு முடித்துத் தன் முறை வரும்வரை, தவறவிட்டதை மறந்து நிற்கவேண்டும். தேர்ந்தவர்களின் பார்வை தட்டைச் சீக்கிரமே பிடித்து, அதிலேயே நிலைக்கிறது என்கின்றன ஆய்வுகள்.

இந்தச் சுடுதலில் நமக்கு நெருக்கமான ஒரு பெயரும் உண்டு. ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் பூர்வீகம் புதுக்கோட்டை என்போர் நிறையப் பேர். அந்தப் புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான், 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய டிராப் அணியுடன் தங்கம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார்.