சுழலாத மின்நிலையம்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரிக்கிறார்கள். கூடங்குளத்தில் யுரேனிய அணுவைப் பிளக்கிறார்கள். மேட்டூரில் அணைத் தண்ணீர் விழுகிறது, ஆரல்வாய்மொழியில் கணவாய்க் காற்று இறக்கைகளைத் தள்ளுகிறது. பார்வைக்கு நான்கும் வேறு வேறு. ஆனால் நான்கிலும் கடைசியில் நடப்பது ஒன்றுதான். ஒரு தண்டு சுழல்கிறது, காந்தப்புலத்தில் செம்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே காட்டிய வழி அது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக உலகம் மின்சாரத்துக்காக எதையாவது சுழற்றிக்கொண்டே இருக்கிறது.

மொட்டை மாடியில் சாய்த்து வைத்த சோலார் பேனலில் எதுவும் சுழலுவதில்லை. சத்தம் கிடையாது, புகை கிடையாது, எண்ணெய் போட வேண்டிய பற்சக்கரம் கிடையாது. உள்ளே நகருவது எலெக்ட்ரான் மட்டும். சூரிய மின்சாரம் இந்த நூற்றாண்டில் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அரசு மானியம், பருவநிலை பற்றிய கவலை, சீனத் தொழிற்சாலைகள் என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். எல்லாமே உண்மை. அவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் காரணம் என்று நான் நினைப்பது, எதையும் சுழற்றத் தேவையில்லாததால் இந்த மின்நிலையம் எவ்வளவு சிறியதாகவும் இருக்க முடியும் என்பதைத்தான்.

ஒளி பட்டால் சில பொருள்களில் மின்சாரம் பிறக்கிறது என்பதை எட்மண்ட் பெக்கரல் என்ற பிரெஞ்சு இளைஞர் 1839இல், தன் 19ஆம் வயதில் கண்டார். ஃபாரடேயின் கண்டுபிடிப்புக்கு எட்டே ஆண்டு இளையது அது. ஏன் அப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஒளி தன் ஆற்றலைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகச் சுமந்து வருகிறது, ஒரு பொட்டலம் ஓர் எலெக்ட்ரானை அதன் இடத்திலிருந்து பெயர்த்துவிட முடியும் என்று 1905இல் ஐன்ஸ்டைன் எழுதினார். அவருக்கு நோபல் பரிசைத் தேடித்தந்தது இந்த விளக்கம்தான். அந்தப் பொட்டலத்தை இன்று ஃபோட்டான் என்கிறோம். சூரியனின் பரப்பை விட்டுக் கிளம்பி எட்டு நிமிடத்துச் சொச்சம் பயணம் செய்து, வழியில் எதிலும் முட்டாமல் வந்து, நம் மாடியில் ஓர் எலெக்ட்ரானைப் பெயர்ப்பதோடு அதன் ஆயுள் முடிகிறது.

பெயர்த்தால் மட்டும் போதாது. பெயர்ந்த எலெக்ட்ரான் சும்மா அலைந்துவிட்டு மறுபடி ஏதாவது ஒரு காலியிடத்தில் போய் உட்கார்ந்துகொண்டால் நமக்கு ஒரு பயனும் இல்லை, பொருள் கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான். மழை பெய்தால் நிலம் முழுதும் நனையும். ஆனால் சரிவு இருந்தால்தான் நீர் ஓடும். சூரிய மின்கலத்தின் சூட்சுமம் அந்தச் சரிவை உண்டாக்குவதில் இருக்கிறது. பூமியின் மேலோட்டில் ஆக்சிஜனுக்கு அடுத்தபடியாக அதிகம் கிடைப்பது சிலிக்கான். குவார்ட்ஸ் கல்லிலிருந்து அதைப் பிரித்து, நூறு கோடி அணுவில் ஒன்று மட்டுமே அந்நியமாக இருக்கும் அளவுக்குத் தூய்மையாக்குகிறார்கள். பிறகு, அத்தனை பாடுபட்டுச் சுத்தம் செய்த அதே சிலிக்கானில் துளியூண்டு போரானையும் பாஸ்பரஸையும் வேண்டுமென்றே கலக்கிறார்கள். பாஸ்பரஸ் கலந்த பக்கத்தில் எலெக்ட்ரான் மிகுதி, போரான் கலந்த பக்கத்தில் பற்றாக்குறை. இரண்டும் சந்திக்கும் எல்லையில் தானாகவே ஒரு மின்புலம் உருவாகி, அழியாமல் நிற்கிறது. ஒளி பெயர்த்த எலெக்ட்ரானை அது ஒரே திசையில் தள்ளிவிடுகிறது. வெளியே கம்பியை இணைத்தால் மின்சாரம்.

முடியின் இரண்டு மூன்று மடங்கு தடிமன்கூட இல்லாத இந்தச் சிலிக்கான் சில்லு ஒன்று தருவது சுமார் 0.6 வோல்ட்தான். அதனால் வரிசையாகக் கோத்துப் பேனல் செய்கிறார்கள். வந்து விழும் வெயில் முழுவதும் மின்சாரமாகிவிடாது. ஆற்றல் குறைந்த ஃபோட்டான்கள் சிலிக்கானில் எதையும் பெயர்க்க முடியாமல் வீணாகின்றன, ஆற்றல் அதிகமுள்ளவை வேண்டிய அளவு போக மிச்சத்தைச் சூடாக விட்டுவிடுகின்றன. ஒற்றைச் சிலிக்கான் கலத்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளியைக்கூட மின்சாரமாக மாற்ற முடியாது என்று வில்லியம் ஷாக்லியும் ஹான்ஸ் குவைசரும் 1961இல் வகுத்த கணக்கு வழியிலேயே தெரிகிறது. இன்று கடையில் விற்கும் பேனல்கள் 20 முதல் 23 சதவீதம் வரை எட்டியிருக்கின்றன.

பயன்படும் முதல் சிலிக்கான் மின்கலம் பிறந்த கதையில் நம்மைப் போன்ற வெப்ப நாடுகளுக்கும் ஓர் இடம் உண்டு. ஈரமும் வெக்கையும் மிகுந்த இடங்களில் தொலைபேசிக் கருவிகளின் உலர் பேட்டரிகள் சீக்கிரம் கெட்டுப்போயின. அதற்கு மாற்று தேடும் வேலை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாரில் சாப்பினிடம் வந்தது. அவரும் கால்வின் ஃபுல்லரும் ஜெரால்டு பியர்சனும் சேர்ந்து உருவாக்கிய கலத்தை 1954 ஏப்ரல் 25 அன்று பத்திரிகைகளுக்குக் காட்டினார்கள். திறன் 6 சதவீதம். ஒரு பொம்மை ராட்டினத்தை அது ஓட்டியது. விலையைப் பார்த்தபோதுதான் மலைப்பு வந்தது. ஒரு வாட்டுக்கு 286 டாலர். ஒரு சராசரி அமெரிக்க வீட்டுக்கு வேண்டியதை வைத்தால் 14 லட்சம் டாலருக்கு மேல் ஆகும் என்று 1956இல் சாப்பினே கணக்குப் போட்டார்.

பூமியில் வாங்க ஆளில்லாத பொருளை முதலில் வாங்கியது வானம். 1958 மார்ச்சில் அமெரிக்கா ஏவிய வேன்கார்டு 1 செயற்கைக்கோளின் எடை ஒன்றரைக் கிலோதான். அதில் பேட்டரியால் இயங்கிய ஒலிபரப்பி சில மாதங்களில் அடங்கிவிட்டது. சூரிய மின்கலத்தால் இயங்கியது 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. விண்வெளியில் எரிபொருள் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது, பழுது பார்க்கவும் ஆள் போக முடியாது. அசையும் உறுப்பு இல்லாத மின்நிலையத்தின் மதிப்பு அங்கேதான் முதலில் தெரிந்தது. அந்தச் செயற்கைக்கோள் இன்னும் நம் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது.

பிறகு விலை இறங்கத் தொடங்கியது. ஒரு நிலக்கரி மின்நிலையத்தைக் கட்ட ஆண்டுக்கணக்கில் ஆகும். அதில் கற்ற பாடம் அடுத்த நிலையத்தில் பயன்படுவதற்குள் பொறியாளர்கள் பாதிப்பேர் ஓய்வு பெற்றுவிடுவார்கள். பேனல் அப்படியில்லை. ஒரே மாதிரிப் பொருள் கோடிக்கணக்கில் தொழிற்சாலையிலிருந்து வெளியே வருகிறது. சில்லை இன்னும் மெல்லியதாக அறுக்கலாம், அதன் மேல் மின்சாரத்தைத் திரட்டும் வெள்ளிக் கோடுகளை இன்னும் நுணுக்கமாக இழுக்கலாம் என்று தினமும் ஒரு பாடம். உலகில் இதுவரை தயாரான பேனல்களின் மொத்த அளவு இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் விலை சுமார் 20 சதவீதம் குறைந்துவந்திருக்கிறது. அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்டு ஸ்வான்சன் பெயரில் இதைச் சொல்கிறார்கள்.

இரண்டு மடங்காக வேண்டுமானால் யாராவது வாங்க வேண்டுமே. அந்தச் செலவை முதலில் பெரிய அளவில் ஏற்றவர்கள் ஜெர்மானியர்கள், அதுவும் நம்மைவிட மிகக் குறைந்த வெயில் உள்ள நாட்டில். கூரையில் பேனல் வைத்து மின்சாரம் தரும் எவருக்கும் 20 ஆண்டுகளுக்கு நிலையான, தாராளமான விலை தருவோம் என்று 2000ஆம் ஆண்டில் சட்டம் போட்டார்கள். விவசாயிகள், பள்ளிக்கூடங்கள், தேவாலயங்கள் எல்லாம் மின் உற்பத்தியாளர்கள் ஆயின. அந்தத் தேவையை நிரப்பச் சீனா களம் இறங்கியது. ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் கிரீன் என்ற விஞ்ஞானியிடம் படித்த ஷி செங்ரோங், 2001இல் வூசி நகரில் சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று பேனல் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சீனாவின் கையில். 2024இல் மொத்த விலை ஒரு வாட்டுக்குப் பத்து சென்ட் அளவுக்கு வந்துவிட்டது. சாப்பின் காலத்தில் 14 லட்சம் டாலர் ஆகியிருக்கும் பேனல்கள், அந்த மொத்த விலையில் ஐந்நூறு டாலர்.

எண்ணிக்கை எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். 2004இல் உலகம் முழுவதும் சேர்ந்து ஒரு கிகாவாட் பேனலை நிறுவ ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆயிற்று. 2024இல் அதே அளவை ஒரு நாளுக்குள் நிறுவினார்கள். முதல் டெராவாட்டை, அதாவது ஆயிரம் கிகாவாட்டை, 2022இல் எட்ட பெல் ஆய்வகத்து நாளிலிருந்து 68 ஆண்டுகள் பிடித்தன. இரண்டாவது டெராவாட்டுக்கு இரண்டே ஆண்டுகள். ஆனாலும் 2024இல் உலகின் மொத்த மின்சாரத்தில் சூரியனின் பங்கு சுமார் 7 சதவீதம்தான். இரவு இருக்கிறது, மேகம் இருக்கிறது. வழி நீளம்.

இந்த எண்களைவிட என்னை அசைப்பவை இரண்டு நாடுகளின் கதைகள். வங்கதேசத்தில் மின்கம்பி போய்ச்சேராத கிராமங்களில் 2003 முதல் வீட்டுக்கு ஒரு சின்னப் பேனல், ஒரு பேட்டரி, சில விளக்குகள் என்று தவணைக் கடனில் கொடுத்தார்கள். 40 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கின் இடத்தை அது பிடித்தது. பாகிஸ்தானில் யாரும் திட்டம் தீட்டவில்லை. மின்கட்டணம் தாங்க முடியாமல் ஏறியபோது, வீட்டுக்காரர்களும் குழாய்க் கிணற்று விவசாயிகளும் சிறு ஆலைக்காரர்களும் தாங்களே வாங்கி மாட்டிக்கொண்டார்கள். 2024 ஓராண்டில் மட்டும் சுமார் 17 கிகாவாட் பேனல் சீனாவிலிருந்து அங்கே இறங்கியது. நிலக்கரி மின்நிலையத்தை எவரும் கடையில் வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வர முடியாது. ராமநாதபுரம் கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் நிலையம் 2,500 ஏக்கரில் 25 லட்சம் பேனல்களோடு பரந்து கிடக்கிறது. அதன் ஒரு பேனலும் வங்கதேசக் குடிசையின் ஒரு பேனலும் செய்வது அதே வேலை.

நம் வீடுகளுக்கு வருவோம். ஒரு கிலோவாட்டுக்கு நிழலில்லாத சுமார் 100 சதுர அடி வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் அளவுக்குத் தரும். 2024இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. ஆனால் வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, பேனலுக்கு வேண்டியது ஒளி, சூடு அல்ல. 25 டிகிரியில் அளந்த திறனைத்தான் அதன் முதுகில் அச்சிட்டிருக்கிறார்கள். சித்திரை நண்பகலில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். இரண்டாவது, பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த அமைப்பில், தெருவில் கரண்ட் போனால் நல்ல வெயிலிலும் உங்கள் வீட்டில் கரண்ட் இருக்காது. இது பழுது என்று பலர் நினைத்துச் சண்டை போடுகிறார்கள். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனின் உயிரைக் காப்பதற்காக இன்வெர்ட்டர் தானே நின்றுகொள்கிறது. அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

சுழலாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை இலங்கை 2025இல் அறிந்தது. பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறில் நாடு முழுவதும் இருண்டது. அனல், நீர் மின்நிலையங்களில் பல டன் எடையுள்ள இரும்பு சுழன்றுகொண்டிருக்கும். எங்காவது அதிர்ச்சி ஏற்பட்டால் அந்தச் சுழற்சியின் உந்தம் சில விநாடிகளுக்குத் தாங்கிப்பிடிக்கும். தேவை குறைந்த விடுமுறைப் பகலில் சூரிய மின்சாரம் மேலோங்கி நிற்கும்போது அந்தத் தாங்கல் மெலிந்துவிடுகிறது, அன்றும் அப்படித்தான். அந்த ஆண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், கூரைப் பேனல்களைப் பிற்பகல் மூன்று மணி வரை அணைத்து வைக்கும்படி மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. வெயிலை வீணாக்கச் சொல்லும் நிலை வருத்தத்துக்குரியது. ஆனால் தீர்வு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பேட்டரி விலை 2010இலிருந்து பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. அதிர்ச்சியைத் தாங்கிப்பிடிக்கும் வேலையை மின்னணு முறையிலேயே செய்யும் இன்வெர்ட்டர்களும் வந்துவிட்டன.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேனலில் கலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒரு மூலையில் விழும் நிழல் மற்ற கலங்களின் மின்சாரத்தையும் மறித்துவிடும். தண்ணீர்த் தொட்டியைக் கன்னி மூலையில் ஏற்றி வைப்பது நம் வழக்கம். தென்மேற்கில் நிற்கும் தொட்டி பிற்பகல் முழுவதும் மாடியில் நிழல் போடும். இன்று பேனல் வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வரைபடம் போடும்போதே தொட்டியையும் படிக்கட்டு அறையையும் வடக்குப் பக்கம் தள்ளச் சொல்லுங்கள். தெற்கே முந்நூறு சதுர அடியைத் திறந்து விடுங்கள். மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை ஒரு காலிக் குழாயையும் சுவருக்குள் பதித்து வையுங்கள்.