பிறந்த ஆண்டின் பனியும் வெயிலும்

ஐம்பதாம் பிறந்தநாளோ அறுபதாம் பிறந்தநாளோ வந்தால், பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஒயினில் ஈடுபாடுள்ள குடும்பத்தார் ஒரு காரியம் செய்வார்கள். விழா நாயகர் எந்த ஆண்டில் பிறந்தாரோ அந்த ஆண்டின் ஒயினைத் தேடிப்பிடித்து விருந்து மேசைக்குக் கொண்டுவருவார்கள். புட்டியில் அச்சிட்டிருக்கும் ஆண்டு, பழம் பழுத்து அறுவடையான ஆண்டைக் குறிக்கும். அவர் தொட்டிலில் கிடந்த நாட்களில் அடித்த வெயிலும் பெய்த மழையும் அந்தப் புட்டிக்குள் இருக்கின்றன. மனிதன் நாட்குறிப்பு எழுதுகிறான். திராட்சைக் கொடியும் எழுதி வைக்கிறது.

பெரும்பாலான ஒயின்கள் இந்தச் சோதனையில் தேறுவதில்லை. சில ஆண்டுகளுக்குள் அருந்தவேண்டியவை அவை. ஒரு மனித ஆயுளுக்கு ஈடுகொடுப்பவை மிகச் சில. அவற்றுள் என்னைக் கைகூப்ப வைப்பது, போர்தோ நகருக்குத் தெற்கேயுள்ள சோத்தெர்ன் வட்டாரத்தின் இனிப்பு ஒயின். அழுகிய பழத்திலிருந்து பிறந்து, நெடுங்காலம் அழியாமல் நிற்பது அது.

அங்கே சிரோன் என்று ஒரு சிற்றாறு. மரங்களின் நிழலிலேயே ஓடிவருவதால் அதன் நீர் குளிர்ந்திருக்கும். அது போய்ச் சேருவதோ கரோன் என்ற பேராற்றில்; அந்த நீர் வெதுவெதுப்பானது. இலையுதிர்காலத்தில் குளிர்ந்த நீர் வெப்ப நீரைத் தொடும் இடத்தில் மூடுபனி கிளம்பித் தோட்டங்களின்மேல் படரும். உச்சிவேளைக்குள் வெயில் வந்து அதைக் கலைத்துவிடும். காலையில் ஈரம், பிற்பகலில் காய்ச்சல். இந்த இரண்டும் மாறி மாறி வந்தால்தான் போட்ரைடிஸ் என்ற பூஞ்சை வேண்டிய அளவுக்கு வளர்ந்து, வேண்டிய இடத்தில் நிற்கும். பனி மட்டும் நீடித்தால் அதே பூஞ்சை குலை முழுவதையும் நாசமாக்கிவிடும். ஸ்ட்ராபெரிப் பழத்தின்மேல் சாம்பல் நிறத்தில் படர்ந்து அதைக் கெடுப்பதும் இதே பூஞ்சைதான். அழிப்பதும் காப்பதும் ஒரே உயிர். நடுவே இருப்பது சில மணி நேர வெயில். இந்த அளவை அளந்து வைத்த கை எது என்று எண்ணும்போது எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது.

ஒரு பழத்தை எடுத்துப் பாருங்கள். செமியோன் வகை, மெல்லிய தோல். பழுத்ததும் பொன்னிறமாக இருப்பதில் முதலில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். பூஞ்சையின் நுண்ணிய இழைகள் தோலைத் துளைத்துவிட்டன என்று அர்த்தம். பழம் கருஞ்சிவப்பாகும், உள்ளிருக்கும் நீர் துளைகள் வழியே ஆவியாகும், தோல் சுருங்கும், மேலே சாம்பல் பூத்ததுபோல் ஒரு படலம் ஏறும். விவரம் தெரியாதவர் குப்பையில் எறிந்துவிடுவார். உள்ளேயோ சர்க்கரையும் புளிப்பும் செறிந்துகொண்டிருக்கின்றன. கூடவே, பூஞ்சை தன் பங்குக்குக் கிளிசரால் உண்டாக்கிச் சாற்றுக்கு வழுவழுப்பான கனம் தருகிறது.

ஒரே குலையில் எல்லாப் பழமும் ஒரே நாளில் இந்த நிலைக்கு வராது. அதனால் தொழிலாளர்கள் வாரக்கணக்கில் தோட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றி, பக்குவமானதை மட்டும் கத்தரித்து எடுக்கிறார்கள். போர்தோ ஒயின்களின் 1855ஆம் ஆண்டுத் தரவரிசையில் தனியிடம் பெற்ற ஷாத்தோ திக்கெம் தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கோப்பை ஒயின்தான் தேறும் என்பது வழக்கமான கணக்கு. அந்தச் சாறு நொதிக்கும்போது ஈஸ்ட் எல்லாச் சர்க்கரையையும் தின்று தீர்க்க முடியாமல் ஓய்ந்துவிடுகிறது. எஞ்சிய சர்க்கரையும் புளிப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து பல பத்தாண்டுகளுக்குக் காவல் நிற்கின்றன.

புட்டியின் வாயை அடைக்கும் தக்கையையும் சொல்லியாக வேண்டும். அது போர்ச்சுகல், ஸ்பெயின் நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. மரத்துக்கு ஏறக்குறைய 25 வயதாகும்போது முதல் முறை பட்டை உரிப்பார்கள். பிறகு போர்ச்சுகலில் குறைந்தது 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை. முதல் இரண்டு உரிப்பும் தக்கைக்கு உதவாது. மூன்றாவதுதான் உதவும், அதற்குள் மரம் நாற்பதைக் கடந்திருக்கும். மரத்தை வெட்டுவதில்லை, பட்டை மறுபடி வளர்ந்துகொள்ளும். ஒரு குழந்தை பிறந்த ஆண்டின் ஒயினைக் காக்கும் தக்கை, பெரும்பாலும் அதன் பெற்றோர் பிறப்பதற்கு முன்பே முளைத்த மரத்திலிருந்து வந்தது. நம் வருகைக்கான ஏற்பாடுகள் எவ்வளவு முன்னதாகவே தொடங்கிவிடுகின்றன!

1967 சோத்தெர்ன் வட்டாரத்துக்கு மகத்தான ஆண்டு. அந்த ஆண்டில் பிறந்த நண்பர் ஒருவரின் விருந்தில், அந்த ஆண்டின் சோத்தெர்ன் ஒரு மிடறு எனக்கும் கிடைத்தது. இளமையில் வெளிர்மஞ்சளாக இருந்திருக்க வேண்டியது, டிக்காஷன் நிறத்துக்கு வந்திருந்தது. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் முதலில் தேன், அடுத்து உலர்ந்த ஆப்ரிகாட், ஆரஞ்சுத் தோல். அதற்கும் அடியில், சந்தேகத்துக்கு இடமில்லாமல், வறுத்த வெந்தயம்! அது மனப்பிரமை இல்லை. வெந்தயத்துக்கு அதன் மணத்தைத் தரும் சொட்டலோன் என்ற வேதிப்பொருள் இந்தப் பூஞ்சை பிடித்த ஒயின்களிலும் உண்டு. முதிர முதிர அது கூடும். நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வாசனையை ஒரு பிரெஞ்சுத் தோட்டத்துப் பூஞ்சையும் காலமும் சேர்ந்து உண்டாக்கியிருக்கின்றன. படைப்பின் கைச்சரக்கு எத்தனை சிக்கனம், அதில் விளைவது எத்தனை வகை! நண்பர் வெகுநேரம் அருந்தாமல் முகர்ந்துகொண்டே இருந்தார். அவருடைய தாயார் அவரைச் சுமந்திருந்த கோடையில் அந்தக் கொடிகள் பூத்திருந்தன.

எல்லா ஆண்டும் இப்படி வாய்ப்பதில்லை. பனியும் வெயிலும் முறைதவறினால் திக்கெம் தோட்டத்தார் தங்கள் பெயரில் அந்த ஆண்டு ஒயினே வெளியிடமாட்டார்கள். 1964, 1972, 1974, 1992, 2012 ஆகியவை அப்படி விடுபட்ட ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் பிறந்தவர்கள் வேறெங்காவது தேடவேண்டும். 1972இல் பிறந்தவருக்கு ஹங்கேரியில் இடமிருக்கிறது. போத்ரோக், டிஸா என்ற இரு ஆறுகள் கூடும் டோக்காய் வட்டாரத்தில் அதே பூஞ்சை, அதே இலையுதிர்காலத்தில், சிறப்பான இனிப்பு ஒயினுக்கு வழிசெய்து கொடுத்திருக்கிறது.