நடவுக்குப் பின் இடுப்பு வலியா? தசைகளை மீண்டும் பழக்குங்கள்

நாற்று நடவும் களையெடுப்பும் முடிந்த வாரங்களில் கிராமத்துக்குச் சென்றால், திண்ணையில் கையை ஊன்றி மெல்ல எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடப்பவர்கள் பலரைக் காணலாம். அவர்களில் பெண்களே மிகுதி. பயிரில் இலைச்சுருட்டுப் புழு தென்பட்டால் அன்றே மருந்து தேடி ஓடும் நாம், உழைக்கும் உடம்புக்கு வரும் இந்த வலியை மட்டும், "நடவு என்றால் இடுப்பு வலிக்கத்தான் செய்யும்" என்று தள்ளிவிடுகிறோம்.

ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்தில் ஒருவர் பத்து நாள் படுத்துவிட்டால், அந்தப் பத்து நாளும் கூலி ஆள் வைக்க வேண்டும். படுத்தவர் கூலிக்குச் செல்லும் பெண்ணாக இருந்தால், நடவுக் காலத்து வருமானமே கைவிட்டுப் போகும். அடுத்த பருவத்தில் வலி திரும்பினால் நட்டம் இரட்டிப்பாகும்.

இடுப்பு வலி கண்டவர்கள் பொதுவாக இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு அதே வேலையைத் தொடர்கிறார்கள். அல்லது வாரக் கணக்கில் கயிற்றுக் கட்டிலில் படுத்துவிடுகிறார்கள். இரண்டுமே சரியல்ல. காரணத்தை அறிய, வலி வரும்போது தசைகளில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குனியும்போது நடப்பது என்ன?

முதுகெலும்பு என்பது சிறு எலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தூண். எலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. கிராமத்தில் இவற்றை 'ஜவ்வு' என்பார்கள். எலும்புகளை ஒன்றோடொன்று கட்டிவைப்பவை இணைப்பு நார்கள். இவற்றைச் சுற்றி இரண்டு வகைத் தசைகள் இருக்கின்றன. எலும்பை ஒட்டி ஆழத்தில் இருப்பவை எலும்புகள் நிலைகுலையாமல் தாங்குகின்றன. வெளிப்புறத்தில் நீளமாக ஓடுபவை உடம்பை வளைக்கவும் நிமிர்த்தவும் பயன்படுகின்றன.

தசை வேலை செய்யும்போது அதில் மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. அதைக் கருவியால் அளந்து, எந்தத் தசை உழைக்கிறது, எது சும்மா இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். 1955-இல் இங்கிலாந்தில் ஃபிளாய்டு, சில்வர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இவ்வாறு அளந்தபோது, ஒருவர் முழுவதும் குனிந்து நிற்கையில் முதுகுத் தசைகளின் மின்னோட்டம் ஏறக்குறைய நின்றுவிடுவதைக் கண்டார்கள். அப்படியானால் உடம்பின் பாரத்தைத் தாங்குவது யார்? இணைப்பு நார்களும் வட்டுகளுமே பெரும் பகுதியைத் தாங்குகின்றன. நடவு நடும் பெண் ஒரு நாளில் பல மணி நேரத்தை ஏறக்குறைய இந்த நிலையிலேயே கழிக்கிறார்.

நீண்ட நேரம் இழுபட்ட நார், பாரம் கட்டித் தொங்கவிட்ட கயிறு போலத் தளர்கிறது. இருபது நிமிடம் முழுவதும் குனிந்திருந்தவர்களைச் சோதித்ததில், நிமிர்ந்த இரண்டு நிமிடத்தில் பாதித் தளர்வுதான் மீண்டது. அரை மணி நேரம் சென்ற பிறகும் ஓரளவு மிஞ்சியிருந்தது. நட்டு முடித்த கையோடு நாற்று முடிகளைத் தூக்குவதோ, மூட்டையில் கை வைப்பதோ ஆபத்து என்பது இதனால்தான்.

வலி வந்ததும் தசைகள் மாறுகின்றன

வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று நொண்டினால் என்ன ஆகும்? நொண்டும் மாடு பின்வாங்கும். மற்றது பாரத்தைத் தனியே இழுக்கும். வண்டி ஊர் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் சில நாளில் நல்ல மாடும் களைத்துப்போகும். இடுப்பு வலியில் நடப்பதும் இதுதான். ஆழத்துத் தசைகள் பின்வாங்குகின்றன; வெளித்தசைகள் விறைத்துக்கொண்டு முழுப் பாரத்தையும் இழுக்கின்றன.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், நின்றுகொண்டிருப்பவர்களைக் கையை விரைவாக உயர்த்தச் சொன்னார்கள். நலமாக இருந்தவர்களுக்குக் கை அசைவதற்கு முன்பே வயிற்றின் ஆழத்துத் தசை சுருங்கி இடுப்பை நிலைநிறுத்தியது. அடிக்கடி இடுப்பு வலி வந்து போகிறவர்களுக்கோ அந்தத் தசை தாமதமாகவே வேலைக்கு வந்தது.

அதே 1996-இல் டென்மார்க்கிலிருந்து வெளிவந்த ஆய்வு இன்னொன்று. நலமாக இருந்தவர்களின் முதுகுத் தசையில் அடர்ந்த உப்புக் கரைசலை ஊசியால் செலுத்தி, சிறிது நேரம் வலி உண்டாக்கி, நடக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு அடியிலும் தளர வேண்டிய நேரத்தில் தசை தளரவில்லை. உழைக்க வேண்டிய நேரத்தில் முழுமையாக உழைக்கவும் இல்லை. எலும்பிலோ வட்டிலோ காயம் ஏதும் இல்லாமல், வலி ஒன்றே தசைகளின் வேலை முறையை மாற்றிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நாம் 'இடுப்புப் பிடிப்பு' என்று சொல்வது பெரும்பாலும் வெளித்தசைகளின் இந்த விறைப்பையே. முதல் சில நாட்களில் இது நன்மையே செய்கிறது. முறிந்த கொம்புக்கு வைத்துக் கட்டிய கம்பு போல நோகும் இடத்தை அசையாமல் காக்கிறது. தேவை தீர்ந்த பிறகும் அந்தக் கட்டு அவிழாமல் இருப்பதுதான் தொல்லை.

வலி நின்றாலும் தசை திரும்புவதில்லை

முதன்முறையாக இடுப்பு வலி கண்டவர்களை ஸ்கேன் செய்து பார்த்தபோது, வலித்த பக்கத்தில் முதுகெலும்பை ஒட்டிய ஆழத்துத் தசை சுருங்கியிருந்தது. இதை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 1994-இல் வெளியிட்டார்கள். அடுத்து 39 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். நான்கு வாரத்தில் பெரும்பாலோருக்கு வலி நின்றுவிட்டது. ஆனால் பயிற்சி செய்யாதவர்களுக்குப் பத்தாவது வாரத்திலும் தசை பழைய அளவுக்குத் திரும்பவில்லை. பயிற்சி செய்தவர்களுக்கோ திரும்பியது. ஓராண்டுக்குள் மீண்டும் வலி வந்தவர்கள், பயிற்சி செய்யாதவர்களில் 100-க்கு 84 பேர். செய்தவர்களில் 100-க்கு 30 பேர். 39 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். எனினும் நமது அனுபவமும் இதை ஒட்டியே இருக்கிறது. ஒருமுறை இடுப்பு பிடித்தவருக்கு மீண்டும் மீண்டும் பிடிக்கிறது.

நுகத்தடி பட்டுக் கழுத்தில் புண்ணான மாட்டைப் பார்த்திருப்பீர்கள். புண் ஆறிய பின்னும் நுகத்தைக் கண்டால் தலையை உதறும். அதை அடித்து ஓட்டுவதாலும் பயனில்லை. கொட்டிலிலேயே கட்டிப் போடுவதாலும் பயனில்லை. வெறும் நுகம், பிறகு காலி வண்டி, பிறகு சிறு பாரம் என்று படிப்படியாகப் பழக்குகிறோம். நமது இடுப்புக்கும் அதே முறைதான்.

எத்தனை நாள் படுக்கலாம்?

பின்லாந்தின் ஹெல்சின்கி நகர ஊழியர்களில் புதிதாகக் கடும் இடுப்பு வலி கண்ட 186 பேரை மூன்று பிரிவாக்கிச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுக்கையில் இருந்தார்கள். மற்றொரு பிரிவினர் உடனே முதுகுப் பயிற்சி செய்தார்கள். மூன்றாவது பிரிவினர் வலி அனுமதிக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைச் செய்துவந்தார்கள். விரைவாகக் குணமானவர்கள் மூன்றாவது பிரிவினரே என்று 1995-இல் வெளியான முடிவு கூறுகிறது.

ஆகவே வலி கடுமையாக உள்ள முதல் நாட்களில் கட்டிலே கதி என்று கிடக்கக் கூடாது. உடனே பயிற்சி என்று உடம்பை வருத்தவும் கூடாது. வீட்டுக்குள் நடப்பது, மாட்டுக்குத் தீனி வைப்பது, கடைக்குச் சென்று வருவது போன்ற இலேசான வேலைகள் போதும். பாரம் தூக்குவதையும் நெடுநேரம் குனிவதையும் மட்டும் தவிர்க்க வேண்டும். தானே எழுந்து நடமாட முடிந்த பிறகு பயிற்சியைத் தொடங்கலாம்.

வயல் வேலையே பயிற்சி இல்லையா?

பயிற்சி முகாம்களில் இதைச் சொல்லும்போதெல்லாம், "காலையிலிருந்து மாலை வரை வயலில் பாடுபடுகிறோம். எங்களுக்கு எதற்குத் தனியாக உடற்பயிற்சி?" என்று உழவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

வேலையின் அளவை நாம் தீர்மானிப்பதில்லை, வயல் தீர்மானிக்கிறது. நடவு நாளில் வலித்தாலும் குனிந்தே ஆக வேண்டும். மேலும் அது ஒரே நிலையில், ஒரே வகையில் செய்யும் வேலை. வெளித்தசைகளும் நார்களுமே உழைக்கின்றன. பயிற்சியின் அளவு நம் கையில் இருக்கிறது. பின்வாங்கிய தசையைத் தேடிச் சிறிய அளவில் வேலை கொடுத்து, வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டே போகலாம்.

செய்ய வேண்டிய பயிற்சிகள்

பாய் விரித்த தரை போதும். மூச்சை அடக்காமல் செய்ய வேண்டும். ஒவ்வொன்றையும் ஐந்து முறையில் தொடங்கிப் பத்து முறைக்கு உயர்த்தலாம்.

1. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளவும். தொப்புளுக்குக் கீழ் உள்ள வயிற்றை மெதுவாக உள்ளே இழுத்து, பத்து எண்ணும் வரை நிறுத்தி, தளர்த்தவும்.

2. அதே நிலையில் பாதங்களை ஊன்றி இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்தவும். ஐந்து எண்ணி மெதுவாக இறக்கவும்.

3. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, மாடு நிற்பது போல இருக்கவும். வலக்கையையும் இடக்காலையும் ஒன்றாக நீட்டி, ஐந்து எண்ணி இறக்கவும். பிறகு இடக்கை, வலக்கால். இடுப்பு ஒரு பக்கமாகச் சரியக் கூடாது. தடுமாற்றம் இருந்தால் முதல் வாரம் காலை மட்டும் நீட்டினால் போதும்.

4. நடை. இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேரைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், இயன்முறை மருத்துவரின் வழிகாட்டுதலுடன் படிப்படியாக நடைப் பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்புவதற்குள் நடுத்தரமாக 208 நாட்கள் ஆயின. செய்யாதவர்களுக்கு 112 நாட்கள். வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்பதை இலக்காக வைத்துச் சிறுகச் சிறுகக் கூட்டலாம். வரப்பில் தடுமாறி நடப்பதைவிட, பாரமின்றிச் சமமான பாதையில் கைவீசி நடப்பது நல்லது.

பயிற்சியின்போது இலேசாக வலித்து, சிறிது நேரத்தில் அடங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. வலி கால்வரை இறங்கினாலும், மறுநாள் காலையிலும் கூடுதலாக இருந்தாலும் அளவைக் குறைக்க வேண்டும். வலி நின்றதும் பயிற்சியை நிறுத்திவிடக் கூடாது. மேலே கண்டபடி, தசை திரும்ப மேலும் பல வாரங்கள் ஆகும்.

வயலில் கவனிக்க வேண்டியவை

நடவிலும் களையெடுப்பிலும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து நின்று, இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து, நான்கைந்து முறை மெதுவாகப் பின்னால் வளைய வேண்டும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வரப்பில் நிற்கும் நில உரிமையாளர்கள், நிமிர்ந்த பெண்ணை அதட்டுவதை இன்றும் காண்கிறோம். அந்த ஒரு நிமிடம் வேலைத் திருட்டு அல்ல. அடுத்த பருவத்துக்கும் அதே கைகள் நடவுக்கு வர வேண்டும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குனிந்து செய்த வேலை முடிந்தவுடன் பாரம் தூக்கக் கூடாது. சிறிது நேரம் நிமிர்ந்து நடந்த பிறகே தூக்க வேண்டும். இரவு முழுவதும் படுத்திருக்கும்போது வட்டுகள் நீர் ஏறி உப்புகின்றன. எனவே காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனியும் வேலையையும் மூட்டை தூக்குவதையும் தள்ளிப்போடுவது நல்லது.

முதுகில் மாட்டும் 16 லிட்டர் தெளிப்பானை முழுவதும் நிரப்பினால் நீர் மட்டுமே 16 கிலோ. கருவியின் எடை தனி. இடுப்பு வலி கண்டவர்கள் பாதி நிரப்பி, இரண்டு தோளிலும் வாரை மாட்டிக்கொள்ள வேண்டும். தரையில் கிடப்பதைக் குனிந்து தூக்காமல், திண்ணை உயரத்தில் வைத்து மாட்ட வேண்டும். கொள்முதல் நிலையத்து 40 கிலோ நெல் சிப்பத்தை இரண்டு பேராகத் தூக்குவதில் வெட்கம் ஏதும் இல்லை. வரிசை நடவு, சதுர நடவு செய்த வயலில் கோனோ களைக்கருவியை நிமிர்ந்து நின்றே தள்ளலாம். களைக்கொட்டுக்கும் மண்வெட்டிக்கும் அவரவர் உயரத்துக்கு ஏற்ற நீளமான பிடி போட்டுக்கொள்வது செலவில்லாத வைத்தியம்.

வலி மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நாள்தோறும் விழுங்குவது வயிற்றுப் புண்ணுக்கு வழி. வெயிலில் வியர்த்து, நீர் குடிக்காமல் வேலை செய்பவருக்கு அது சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டியவர்கள்

சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலும், சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலும், தொடை இடுக்கிலும் ஆசனவாய்ப் பகுதியிலும் மரத்துப்போனாலும், கால் வலுவிழந்து பாதம் தொங்கினாலும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மரத்திலிருந்து விழுந்த பின் வரும் வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமின்றி உடல் மெலிந்து வரும் வலி ஆகியவற்றையும் மருத்துவரே பார்க்க வேண்டும். இவற்றுக்கு எண்ணெய் தேய்ப்பதும் சுளுக்கு எடுப்பதும் ஆகாது. மற்றவர்களும் ஆறு வாரத்தில் வலி குறையாவிட்டால் அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவரை அணுகலாம். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து அளிக்கும் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது.

உழவர் பெருமக்கள் இந்தப் பருவத்திலிருந்தே ஒன்றைச் செய்து பார்க்கலாம். நடவு நாளன்று இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அனைவரையும் நிமிரச் சொல்ல ஒருவரை அமர்த்துங்கள். இடுப்பு வலி கண்டவர் வீட்டில் இருந்தால், வலி நின்ற பிறகும் மூன்று மாதம் பயிற்சியைத் தொடரச் சொல்லுங்கள். கழுத்துப் புண் ஆறிய மாட்டைப் பழக்கும் பொறுமையை நம் வீட்டுப் பெண்களின் இடுப்புக்கும் காட்டினால், அடுத்த நடவில் அவர்கள் வலியின்றி வரப்பேற முடியும்.