ரோம்மல் மட்டும் அமெரிக்காவில் வளர்ந்திருந்தால்..?

1944, அக்டோபர் 14. தெற்கு ஜெர்மனியில் ஹெர்லிங்கன் என்ற சின்ன ஊர். அங்கே ஒரு வீட்டுக்கு பெர்லினிலிருந்து இரண்டு ஜெனரல்கள் வந்தார்கள். வீட்டுக்காரரோடு தனியாகப் பேசினார்கள். அவர் மாடிக்குச் சென்று மனைவியிடமும் 15 வயது மகனிடமும் விடைபெற்றார், வந்தவர்களின் காரில் ஏறினார், சற்றுத் தூரத்தில் விஷம் அருந்தி இறந்தார். போரில் பட்ட காயத்தால் மரணம் என்று நாட்டுக்கு அறிவித்து, அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கும் நடத்தினார்கள். இறந்தவர் எர்வின் ரோம்மல். வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படையைத் திணறடித்த 'பாலைவன நரி'.

அதே அக்டோபர் 14, இன்னொரு தளபதிக்கு 54-வது பிறந்தநாள். அவர் ரோம்மலின் எதிரணியில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஐசனோவர். பெயரே சொல்லிவிடும், அவருடைய முன்னோர் ஜெர்மானியர்கள். 1741-ல் கப்பலேறி பென்சில்வேனியாவுக்குப் போன குடும்பம்.

அப்படியானால், ரோம்மலின் குடும்பமும் கப்பலேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வெறும் பகல்கனவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. ரோம்மல் பிறந்த வூர்ட்டம்பர்க் பகுதியிலிருந்து 19-ம் நூற்றாண்டில் கூட்டம் கூட்டமாக அமெரிக்கா போனார்கள். 1891-ல் பிறந்த எர்வினின் அப்பா பள்ளி ஆசிரியர். ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டிக்குப் போயிருந்தால் வேலைக்குக் கவலையே இல்லை. ஜெர்மன், ஆங்கிலம் இரண்டிலும் பாடம் நடத்திய அரசுப் பள்ளிகள் அங்கே இருந்தன. ஜெர்மானியர்கள் வாழ்ந்த பகுதிக்குப் பெயரே 'ரைனுக்கு அப்பால்'!

இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு. சிறுவன் எர்வினுக்கு விமானப் பைத்தியம். 14 வயதில் நண்பனோடு சேர்ந்து கிளைடர் கட்டியவன். விமானப் பொறியாளர் ஆகும் ஆசைக்கு அப்பா தடைபோட்டதால்தான் 1910-ல் ராணுவத்தில் சேர்ந்தான். சின்சினாட்டிக்குப் பக்கத்தில்தான் ரைட் சகோதரர்களின் டேட்டன் நகரம். அங்கே வளர்ந்திருந்தால் பையன் ராணுவப் பக்கமே போயிருக்க மாட்டானோ என்னவோ!

போனான் என்றே வைத்துக்கொள்வோம். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படிப்பு இலவசம். ஐசனோவர் அங்கே சேர்ந்ததற்கும் அதுவே முக்கியக் காரணம். 1911-ல் சேர்ந்திருந்தால், 1915-ல் வெளியே வந்த அந்தப் புகழ்பெற்ற வகுப்பில் ஐசனோவர், ஒமர் பிராட்லியோடு ரோம்மலும் ஒருவர். 164 பேரில் 59 பேர் பின்னாளில் ஜெனரல் ஆன வகுப்பு அது.

சிக்கல் இதற்குப் பிறகுதான். நிஜ ரோம்மலை உருவாக்கியது முதல் உலகப்போர். 1917 அக்டோபரில் இத்தாலியின் மாட்டாயூர் மலையில், 25 வயது ரோம்மலின் சிறிய படை சுமார் 9,000 எதிரி வீரர்களைச் சிறைபிடித்தது. ஜெர்மனியின் உயரிய வீர விருது கிடைத்தது. ஆனால், அந்த நேரத்தில் அவருடைய அமெரிக்க வகுப்புத் தோழர்கள் எங்கே இருந்தார்கள்? போர் முடியும்வரை ஐசனோவர் உள்நாட்டிலேயே டாங்கிப் படைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். பிராட்லியை மொன்டானாவில் செப்புச் சுரங்கங்களுக்குக் காவல் போட்டார்கள். இருவருமே பிரான்ஸ் மண்ணை மிதிக்கவில்லை. அமெரிக்க ரோம்மலுக்கும் மாட்டாயூருக்குப் பதில் ஏதோ ஒரு பயிற்சி முகாம்தான் வாய்த்திருக்கும்.

போதாக்குறைக்கு, பெயர் வேறு ஜெர்மன் பெயர். 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியதும், ஜெர்மன் வாடை அடித்த எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளானது. சின்சினாட்டியில் பிரெமன் தெரு 'ரிபப்ளிக் தெரு' ஆனது. 1919-ல் ஒஹையோவின் தொடக்கப் பள்ளிகளில் ஜெர்மன் மொழியையே தடைசெய்தார்கள். ஆசிரியர் ரோம்மலின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் கதவு முழுக்க மூடிவிடவில்லை. அதற்கு ரத்தமும் சதையுமான சாட்சி, வால்டர் குரூகர். ஜெர்மனியில் பிறந்து, தந்தை இறந்த பிறகு 8 வயதில் தாயோடு அமெரிக்கா வந்தவர். 1898-ல் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்து, இரண்டாம் உலகப்போரில் பசிபிக்கில் 6-வது ராணுவத்தையே நடத்தி, நான்கு நட்சத்திர ஜெனரல் ஆனார். ஜெர்மன் ராணுவ நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததும் அவரே. நாம் கற்பனை செய்யும் வாழ்க்கையை ஒருவர் நிஜமாகவே வாழ்ந்துவிட்டார். ஆனால், ரோம்மலைத் தெரிந்த அளவுக்கு குரூகரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். ரோம்மலின் புகழில் பாதி, பற்றாக்குறையில் பிறந்தது. டிரிபோலி துறைமுகத்திலிருந்து எல் அலமெய்ன் வரை 2,000 கிலோமீட்டருக்கு மேல். பெட்ரோல் வந்து சேரும் முன்பே லாரிகளே அதில் கணிசமானதைக் குடித்துவிடும். எதிரியின் கிடங்கைப் பிடித்தால்தான் அடுத்த நகர்வு என்ற நிலையில் அவர் ஆடியதெல்லாம் சூதாட்டம். அமெரிக்க ராணுவம் அந்த ஆட்டத்தை விரும்பாது. 1944-ல் பிரான்ஸில் ஆயிரக்கணக்கான லாரிகளை இரவு பகலாக ஓட்டி முன்னணிக்கு பெட்ரோல் சேர்த்த ராணுவம் அது. அந்த ஓட்டுநர்களில் பெரும்பாலானோர் கறுப்பின வீரர்கள். அப்படியும் பேட்டனின் டாங்கிகள் எரிபொருள் இல்லாமல் நின்றன என்பது வேறு கதை. அமெரிக்க ரோம்மல் சப்ளை அதிகாரிகளோடு தினமும் சண்டை போட்டுக்கொண்டு, நல்ல தளபதி என்று பெயர் எடுத்திருப்பார். 'நரி' ஆகியிருப்பாரா என்பது சந்தேகமே.

திறமையைவிடப் பெரிய வித்தியாசம், யாருக்கு விசுவாசம் என்பதில் இருக்கிறது. அமெரிக்க அதிகாரி உறுதிமொழி எடுப்பது அரசியலமைப்புச் சட்டத்தின் மீது. 1934 ஆகஸ்ட் முதல் ஜெர்மன் வீரர்கள் எடுத்ததோ ஹிட்லர் என்ற தனிமனிதரின் பெயரில். ரோம்மல் நாஜிக் கட்சியில் சேர்ந்ததில்லை. ஆனால், அவருடைய ஏற்றத்துக்கு ஹிட்லரின் தயவு இருந்தது. 1937-ல் அவர் எழுதிய போர்க்கலைப் புத்தகம் ஹிட்லரைக் கவர்ந்தது. ஹிட்லரின் பாதுகாப்புப் படைக்குத் தலைவரானார். 1940-ல் அவரிடம் கேட்டுத்தான் டாங்கி டிவிஷனையும் வாங்கினார். எந்தப் போரை அவர் நடத்திக் கொடுத்தார் என்பதை 'வீரர்களின் வீரர்' என்று புகழும் புத்தகங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

1944 ஜூலையில் ஹிட்லரைக் கொல்ல நடந்த சதியில் ரோம்மலுக்கு எவ்வளவு பங்கு என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. சந்தேகமே போதுமானதாக இருந்தது. 1951-ல் ஜனாதிபதி ட்ரூமனை வெளிப்படையாக எதிர்த்த ஜெனரல் மெக்கார்தரின் பதவி போனது. ஊர் திரும்பியவருக்கு நியூயார்க்கில் மாபெரும் ஊர்வலம். 84 வயதில் மருத்துவமனைப் படுக்கையில் மரணம். ரோம்மலுக்குக் கிடைத்ததோ, விஷம் அல்லது விசாரணை. விஷத்தைத் தேர்ந்தெடுத்தால் குடும்பத்தைத் தொட மாட்டோம் என்ற உத்தரவாதம்.

அன்று அப்பாவை வழியனுப்பிய மகன் மான்ஃப்ரெட், 1974 முதல் 22 ஆண்டுகள் ஸ்டுட்கார்ட் நகரின் மேயராக இருந்தார். அங்கே பணிக்கு வந்த ஓர் அமெரிக்க மேஜர் ஜெனரல் அவருக்கு நெருங்கிய நண்பரானார். இருவருக்கும் பிறந்தநாள் ஒன்றுதான், டிசம்பர் 24. அந்த அமெரிக்கரின் பெயர் ஜார்ஜ் பேட்டன். டாங்கித் தளபதி பேட்டனின் மகன்.