வரப்பைக் குறுக்கினால் வரப்பு எலி குறையும்

ஏற்காட்டின் உச்சியில், ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில், ஒரு குகைக்குள் இருக்கிறது சேர்வராயன் கோயில். சேர்வராயனோடு காவேரி அம்மனும் அங்கே குடிகொண்டிருக்கிறாள். குகையின் உள்ளே செல்லும் சுரங்கம் காவிரி பிறக்கும் இடம் வரை போகிறது என்பது மலைமக்களின் நம்பிக்கை. நம்பிக்கை ஒருபுறம் இருக்க, இந்த மலை தண்ணீர் தரும் மலை என்பது கண்கூடு. திருமணிமுத்தாறு இங்கிருந்து இறங்கிச் சேலம் வழியாகக் காவிரிக்குச் செல்கிறது. வாணியாறு மறுபக்கம் இறங்கிப் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் அணையில் தேங்குகிறது.

இந்தத் தண்ணீரை நம்பி அடிவாரத்தில் நெல்லும் கரும்பும் வாழையும் பயிராகின்றன. அதே தண்ணீரை நம்பி வாழும் இன்னொரு ஜீவன் வரப்பு எலி.

சில ஆண்டுகளுக்கு முன் அடிவாரக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தேன். உழவர் ஒருவர் தம் நெல் வயலைக் காட்டினார். இரவு முழுவதும் மோட்டார் ஓட்டிப் பாய்ச்சிய தண்ணீர் விடிந்தால் வயலில் இல்லை. "பக்கத்து வயல் பங்காளிதான் ராத்திரியில் வரப்பை வெட்டி விடுகிறான், ஐயா" என்றார். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. பொது வரப்பை யார் செதுக்குவது என்ற தகராறில் அது மூன்று அடி அகலத்துக்குப் பெருத்துப் புல் மண்டிக் கிடந்தது. மண்வெட்டி கொண்டு வரச் சொல்லி வெட்டிப் பார்த்தோம். இந்தப் பக்கம் நுழைந்த வளை அந்தப் பக்கம் போய்த் திறந்தது. உள்ளே ஓர் அறை நிறைய நெற்கதிர். தண்ணீரைத் திருடியது பங்காளி அல்ல!

நீரில் அல்ல, கரையில்

வெளிநாடுகளில் நீரிலேயே பெரும்பொழுதைக் கழிக்கும் கொறிவிலங்குகள் உண்டு. தென் அமெரிக்காவின் நியூட்ரியா அவற்றில் ஒன்று. பின்னங்கால் விரல்களுக்கு இடையே வாத்துக்கு இருப்பதுபோல் சவ்வு இருக்கும். ரோமத்துக்காக 1929-இல் இங்கிலாந்துக்குக் கொண்டு போனார்கள். பண்ணைகளிலிருந்து தப்பிய விலங்குகள் கிழக்கு இங்கிலாந்தின் வாய்க்கால் கரைகளைக் குடைந்தன, பயிரையும் தின்றன. 1981-இல் தொடங்கி, பகுதி பகுதியாகப் பொறி வைத்துப் பிடித்து, 1989-இல் அடியோடு ஒழித்தார்கள். ஹாலந்து நாட்டிலோ, அணைக்கரைகளைக் குடையும் மஸ்க்ராட் எலியைப் பிடிக்க இன்றும் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள்.

நம் வரப்பு எலிக்குக் காலில் சவ்வு கிடையாது. ஆனால் நன்றாக நீந்தும். ஈர மண்ணை விரும்பும். நீர் நிறைந்த வயலில் இரவில் நீந்திச் சென்று தூர்களைச் சாய்வாகக் கடித்துத் துண்டிக்கும். குட்டி போட்டுக் குடியிருக்க மட்டும் நனையாத மேடு வேண்டும். அந்த மேடுதான் நாம் பெருக்க விட்ட வரப்பு.

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்ற பழமொழி இந்த எலிக்கு அப்படியே பொருந்தும். வளர்ந்த எலி பெரும்பாலும் ஒரு வளையில் ஒன்றாகத்தான் இருக்கும். பெண் எலி மூன்று வாரச் சினைக்குப் பின் ஆறு முதல் எட்டுக் குட்டிகள் வரை ஈனும். குட்டிகள் வளர்ந்ததும் ஒவ்வொன்றுக்கும் தனி வளை வேண்டுமே! அகன்ற வரப்பு அதற்கு இடம் தருகிறது.

என்ன செய்யலாம்?

1. வரப்பை 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு மேல் விடக் கூடாது. அதாவது, ஒன்றரை அடி அகலம், ஓர் அடி உயரம். புல்லைச் செதுக்கி அண்டை போட்டு வைக்க வேண்டும்.

2. உழவுக்கு முன் கோடையில் வளைகளை வெட்டி எலிகளைப் பிடிக்க வேண்டும். வாயில் புதுமண் குவிந்திருந்தால் அது குடியுள்ள வளை. சந்தேகம் இருந்தால் மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடுங்கள். காலையில் திறந்திருப்பவற்றில் எலி உண்டு.

3. ஏக்கருக்கு 40 வீதம் தஞ்சாவூர் கிட்டி வைக்கலாம்.

4. ஏக்கருக்கு 16 முதல் 20 வரை 'டி' வடிவக் குச்சிகள் நட்டால் ஆந்தையும் கூகையும் இரவில் வந்து அமர்ந்து எலி பிடிக்கும். கதிர் முற்றும் முன் குச்சிகளை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் தானியம் தின்னும் பறவைகள் அமரும். சாரைப் பாம்பை அடிக்காதீர்கள். அது உங்கள் கூலியில்லா வேலையாள்.

விஷம் கடைசி வழி

இவை போதாதபோது மட்டும், வேளாண் அலுவலரைக் கலந்து விஷ உணவு வைக்கலாம். துத்தநாக பாஸ்பைடு என்றால் நொய் 96 பங்கு, எண்ணெய் 2 பங்கு, மருந்து 2 பங்கு. இரண்டு மூன்று நாட்கள் மருந்தில்லாத உணவு வைத்துப் பழக்கிய பிறகே மருந்து கலந்ததை வைக்க வேண்டும். தின்று பிழைத்த எலி மறுபடி அதைத் தொடாது. ஆகவே, அதே பருவத்தில் அதே மருந்து பயன்படாது. கையுறை அவசியம். வெறுங்கையால் கலக்கக் கூடாது. இதற்கு மாற்று மருந்து இல்லை. குழந்தைகளும் கால்நடைகளும் அண்டாதபடி வளைக்குள் வைத்து, செத்த எலிகளைப் புதைத்துவிட வேண்டும். வாய்க்காலில் எறியக் கூடாது. விஷம் தின்ற எலியைத் தின்னும் கூகையும் சாகலாம். கூகை போனால் அடுத்த போகத்தில் எலிக்குக் கொண்டாட்டம்.

உடம்பும் முக்கியம்

எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி, கால் வெடிப்பு, காயம் வழியாக உடலுக்குள் புகும். நடவு, களை எடுப்புக்குப் பின் கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஏற்பட்டால் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வயலில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஊர் கூடினால்தான்

ஒருவர் மட்டும் எலி ஒழித்தால் பயனில்லை. காலியான வளைக்குப் பக்கத்து வயல் எலி குடி வந்துவிடும். இங்கிலாந்தில் நியூட்ரியா ஒழிந்ததும் எல்லாப் பகுதியிலும் சேர்ந்து வேலை செய்ததால்தான். ஒரு வாய்க்காலில் பாயும் எல்லா வயல்காரர்களும் ஒரே வாரத்தில் வரப்பு வெட்டி, வளை தோண்ட வேண்டும்.

அந்த அடிவாரக் கிராமத்துக்கு மறு வருடம் போனபோது பொது வரப்பு ஒன்றரை அடிக்கு இறங்கியிருந்தது. ஒரு பக்கத்தை அண்ணன் செதுக்கினார், மறு பக்கத்தைத் தம்பி செதுக்கினார் என்றார்கள். இருவரும் இன்னும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஆனால், பாய்ச்சிய தண்ணீர் விடியும்வரை வயலில் நின்றது.