வெயிற்கருமை

வெயிற்கருமை என்பது கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் தொடர்ந்து படுவதால் தோலின் நிறம் இயல்பை விடக் கருத்துப் போவதாகும். பேச்சு வழக்கில் ‘வெயிலில் கருத்துப் போதல்’ என்றும், அழகு நிலையங்களில் ‘டேன்’ என்றும் இது சொல்லப்படுகிறது. வெயிற்கருமை அழுக்கும் அன்று, நோயும் அன்று. தோல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் முயற்சியே அது. ஆனால் கதிர்களால் தோலின் உயிரணுக்கள் பாதிப்படைந்துள்ளன என்பதற்கு அதுவே அடையாளமும் ஆகும்.

தோல் கருப்பது எப்படி?

தோலின் மேற்புற அடுக்கின் அடிப்பகுதியில் நிறமிச் செல்கள் உள்ளன. இவை மெலனின் என்னும் நிறமியை உண்டாக்குகின்றன. மெலனின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிக்கொண்டு, செல்லின் உட்கருவில் உள்ள மரபுப் பொருளான டி.என்.ஏ.வைக் குடைபோல மறைத்துக் காக்கிறது.

புற ஊதாக் கதிர்கள் ஏ, பி, சி என மூவகைப்படும். சி வகையை ஓசோன் படலம் முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. தரையை வந்தடையும் புற ஊதாக் கதிர்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு ஏ வகையைச் சேர்ந்தது. இது தோலின் ஆழம் வரை சென்று, சுருக்கத்தையும் முதுமைத் தோற்றத்தையும் விரைவில் கொண்டுவருகிறது. பி வகை மேல் அடுக்கைத் தாக்கித் தோலைச் சிவக்கவும் எரியவும் செய்கிறது.

வெயிலில் நின்ற சில நிமிடங்களில் தோன்றும் கருமை, ஏற்கெனவே உள்ள மெலனின் மாற்றமடைவதால் வருவது, விரைவில் மறைந்துவிடும். இரண்டு மூன்று நாள்கள் கழித்துத் தோன்றும் கருமை, புதிதாக உருவான மெலனினால் வருவது. தோலின் மேல் அடுக்கு உதிர்ந்து புதுப்பிக்கப்பட ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகின்றன. எனவே வெயிலைத் தவிர்த்தால் இக்கருமை சில வாரங்களில் தானாகவே குறையத் தொடங்கும்.

புதுச்சேரியின் வெயில்

புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. ஆகவே ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும், கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்நாள்களில் நண்பகல் 12.10 மணியளவில் நட்டு வைத்த குச்சிக்கு நிழல் விழாது. இதை ‘நிழலில்லா நாள்’ என்பர். மே மாதத்தில் வரும் கத்திரி வெயில் காலத்திலும் கதிரவன் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை.

புற ஊதாக் கதிரின் வலிமையைக் குறிக்க உலக நலவாழ்வு அமைப்பு ஓர் அளவீட்டை வகுத்துள்ளது. அதன் அளவு 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு தேவை. 8 முதல் 10 வரை மிக அதிகம். 11 அல்லது அதற்கு மேல் கடுமை. கருவி இல்லாதவர்களும் ஓர் எளிய முறையில் இதை அறியலாம். ஒருவரின் நிழல் அவரது உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று கொள்ளலாம். மெல்லிய மேகங்கள் கதிர்களைப் பெருமளவு தடுப்பதில்லை என்பதால், மப்பான நாளிலும் தோல் கருக்கும்.

வெயிலில் உழைப்போர்

பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படுகிறது. பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நடுதல், களை பறித்தல் ஆகிய வேலைகளைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் கைவினைஞர்கள், செய்த பொருள்களைக் காய வைப்பதற்கு வெயிலையே நம்பியுள்ளனர். கட்டடத் தொழிலாளர்கள், தெருவோர வணிகர்கள், இரு சக்கர வாகனத்தில் பணிக்குச் செல்வோர் ஆகியோருக்கும் வெயில் தவிர்க்க முடியாதது. வைகாசியில் நடைபெறும் வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டமும் கோடை வெயிலில்தான் வருகிறது.

வயலில் வேலை செய்யும் பெண்கள் சேலையின் மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொள்வது வழக்கம். ஆடை உடலைப் பாதுகாக்கும் சிறந்த கவசம் என்று இன்றைய தோல் மருத்துவம் கூறுவதும் இதையே. நெருக்கமாக நெய்த பருத்தித் துணி இதற்கு ஏற்றது.

தீங்குகள்

கருத்த தோலுக்கு வெள்ளைத் தோலைவிட இயற்கைப் பாதுகாப்பு அதிகம். இந்தியரிடையே தோல் புற்றுநோய் குறைவாகக் காணப்படுவதற்கு இதுவும் காரணம். ஆனால் அது முழுப் பாதுகாப்பு அன்று. கீழ்க்கண்ட பாதிப்புகள் ஏற்படலாம்:

1. வெயிற்புண்: தோல் எரிதல், கொப்புளம், தோல் உரிதல்.
2. மங்கு: கன்னம், நெற்றி, மூக்கில் படரும் பழுப்புத் திட்டு. பெண்களுக்கு, குறிப்பாகக் கருவுற்ற காலத்தில், அதிகம் வரும்.
3. வெயில் ஒவ்வாமை: கை, கழுத்துப் பகுதியில் அரிப்புடன் கூடிய தடிப்பு.
4. கண் பாதிப்பு: கண்புரை, கண்ணின் வெண்பகுதியில் சதை வளர்தல்.
5. தோல் புற்றுநோய்: கருத்த தோல் உடையோருக்கு உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடியில் அரிதாக ஒருவகைப் புற்றுநோய் வரும். இது வெயிலால் வருவதன்று. 1981இல் மறைந்த ஜமைக்கா பாடகர் பாப் மார்லியின் நோய் இவ்வாறு கால் விரலில் தொடங்கியதே.

மேலை நாடுகளில் 1920களுக்குப் பிறகு தோலைக் கருக்கச் செய்வது நாகரிகமாயிற்று. அதற்கெனச் செயற்கைப் புற ஊதா விளக்குப் படுக்கைகளும் வந்தன. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் அவற்றைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்தது. அதே ஆண்டில் பிரேசில், அழகுக்காக அவற்றைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது.

பாதுகாப்பு முறைகள்

காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெயிலில் வேலை செய்வதை இயன்றவரை குறைப்பது நல்லது. குடை, அகன்ற விளிம்புள்ள தொப்பி, முழுக்கை ஆடை ஆகியவை செலவு குறைந்த பாதுகாப்புகள். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் நீர், மோர், இளநீர், நுங்கு ஆகியவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். இவை உடல் வெப்பத்தைத் தணிக்க உதவுமே தவிர, புற ஊதாக் கதிரைத் தடுக்கா.

வெயில் தடுப்புக் களிம்பு வாங்குவோர் எஸ்.பி.எஃப். அளவைப் பார்க்க வேண்டும். இது பி வகைக் கதிருக்கான பாதுகாப்பைக் குறிக்கும். அளவு 15 உள்ள களிம்பு ஏறத்தாழ 93 விழுக்காடும், 30 உள்ளது 97 விழுக்காடும், 50 உள்ளது 98 விழுக்காடும் கதிரைத் தடுக்கும். ஆகவே 30 போதுமானது. விலை கூடிய 50ஆல் கிடைக்கும் கூடுதல் பயன் சிறிதே. வெளியே செல்வதற்குக் கால் மணி நேரம் முன்பு தாராளமாகப் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். வியர்வை அதிகம் வந்தால் இன்னும் விரைவில் பூச வேண்டும்.

வீட்டு வைத்தியங்கள்

தயிர், கற்றாழைச் சோறு, வெள்ளரி ஆகியவை எரிச்சலைத் தணிக்கும். பயத்த மாவு தோலின் எண்ணெய்ப் பசையை நீக்கும். இவற்றால் கருமை ஒரே நாளில் மறையும் என்பது மிகை. எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் செல்வது ஆபத்தானது. அதிலுள்ள சில வேதிப்பொருள்கள் ஏ வகைக் கதிருடன் சேர்ந்து கொப்புளத்தையும், பல வாரங்கள் நீடிக்கும் கருந்தழும்பையும் உண்டாக்கும். வெயிற்புண்ணின் மீது பற்பசை தடவுவதும் தவறு. குளிர்ந்த நீரில் நனைத்த துணியே முதலுதவி.

வெண்மைப் பூச்சுகளின் ஆபத்து

வெயிற்கருமையைவிடப் பெரிய கேடு, அதைப் போக்குவதாகச் சொல்லி விற்கப்படும் சில பூச்சுகளால் வருகிறது. ஒவ்வாமைக்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்புகளைச் சிலர் முகம் வெளுக்கப் பூசுகின்றனர். முதல் சில நாள்கள் முகம் பளிச்சென்று தோன்றும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரியும். பருக்களும் முடியும் வளரும். நிறுத்தினால் எரிச்சல் கூடுவதால், பூசியவர் அதையே மீண்டும் நாடுவார். இதனால் 2018இல் பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இன்றி விற்கக் கூடாத ‘எச்’ அட்டவணைக்குள் இந்திய அரசு கொண்டுவந்தது.

முகவரியும் சேர்மானமும் அச்சிடப்படாத சில பூச்சுகளில் பாதரசம் கலந்திருப்பதுண்டு. அது தோல் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். அண்மை ஆண்டுகளில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயுடன் வந்தவர்கள் பலர் இத்தகைய பூச்சுகளைப் பயன்படுத்தியவர்கள் என மருத்துவர்கள் கண்டறிந்தனர்.

நிறமும் அழகும்

கருப்பு அழகன்று என்ற எண்ணமே இத்தகைய விற்பனைக்கு அடிப்படை. திருமணப் பேச்சில் பெண்ணின் நிறத்தைக் கேட்கும் வழக்கம் இதை வளர்க்கிறது. 2009இல் சென்னையிலிருந்து இயங்கும் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற பரப்புரையைத் தொடங்கியது. 1975இல் இந்தியாவில் அறிமுகமான ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பு, 2020இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ எனப் பெயர் மாற்றப்பட்டது. ஒருவரின் இயல்பு நிறம் பிறப்பால் அமைவது. வெயிலைத் தவிர்த்தால் அந்நிறத்துக்குத் திரும்பலாமே தவிர, அதற்கும் மேல் வெளுக்கச் செய்யும் பாதுகாப்பான வழி ஏதும் இல்லை.

மருத்துவரை அணுக வேண்டிய நிலைகள்

ஆறாத புண், வடிவமும் நிறமும் மாறும் மச்சம், நகத்தின் அடியில் புதிதாகத் தோன்றும் கருங்கோடு, நாளுக்கு நாள் பரவும் மங்கு ஆகியவற்றைக் கண்டால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். மேல் சிகிச்சைக்குக் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு உள்ளது. ஏற்கெனவே பூசிவரும் களிம்பின் குழாயையோ டப்பியையோ உடன் எடுத்துச் செல்வது, காரணத்தை விரைவில் அறிய மருத்துவருக்கு உதவும்.